பெஸ் டிஸ்பென்சர் எந்த நாட்டில் செய்தது? தண்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டில் சொந்தக்காரர் இருக்கிற யாழ்ப்பாணத்து வீடுகளில் சோகேஸைத் திறந்தால், ஈபிள் கோபுரச் சாவிக்கொத்துக்கும் சுவிஸ் மாட்டு மணிக்கும் நடுவில் மிக்கி மவுஸ் தலையோ நத்தார் தாத்தா தலையோ வைத்த ஒரு பெஸ் டிஸ்பென்சர் நிற்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். தலையைப் பின்பக்கம் சரித்தால் கழுத்தடியால் சின்னச் செங்கல் மாதிரி ஒரு இனிப்பு வெளியே வரும், அதுதான். இது எங்கே செய்தது என்று வீட்டுக்காரரைக் கேட்டால் பதில் உடனே வரும்: "கனடா. மாமா கொண்டுவந்தவர்." அல்லது சுவிஸ், அல்லது லண்டன். கொண்டுவந்தவர் எங்கே இருக்கிறார் என்பதுதான் அந்தப் பதிலில் இருக்கிறது, பொருள் எங்கே செய்யப்பட்டது என்பது இல்லை.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது, கஷ்டமும் இல்லை. ஒரு டிஸ்பென்சரில் எங்கே விற்றது, யாருக்கு உரிமை, எங்கே செய்தது என்ற மூன்று விதமான தகவலும் கலந்து கிடக்கின்றன. அமெரிக்கக் காப்புரிமை இலக்கத்தைப் பார்த்து அமெரிக்காவில் செய்தது என்று நினைப்பதும், இனிப்புப் பக்கற்றில் உள்ள நாட்டைப் பார்த்து டிஸ்பென்சருக்கும் அதே நாடு என்று எழுதி வைப்பதும் நடப்பது இந்த மூன்றையும் பிரிக்காததால்தான். செய்த நாட்டைச் சொல்வது தண்டில், அதாவது தலைக்குக் கீழே கையில் பிடிக்கிற நீளப் பெட்டியில், உள்ள நாட்டின் பெயரும் ஒரு சின்ன அச்சு இலக்கமும் மட்டுமே. மற்றதெல்லாம் காலத்தைக் கணிக்க உதவும், அல்லது ஏமாற்றும்.

முதலில் கொஞ்சம் பின்னணி, இது இல்லாமல் நாடுகளின் பெயர்கள் ஏன் இப்படி வருகின்றன என்பது விளங்காது. பெஸ் 1927இல் ஒஸ்ரியாவின் வியன்னாவில் எடுவார்ட் ஹாஸ் என்பவர் தொடங்கிய பெப்பர்மின்ற் இனிப்பு. 1940களின் கடைசியில்தான் அதற்கு ஒரு டிஸ்பென்சர் வந்தது, சிகரெற் லைற்றர் மாதிரியான வடிவம், தலை ஒன்றும் கிடையாது, பெரியவர்களுக்கென்று செய்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குப் போனார்கள், அங்கேதான் சிறுவர்களுக்காக மேலே தலை வைக்கும் யோசனை வேர் பிடித்தது. இனிப்புத் தொழிற்சாலைகள் ஒஸ்ரியாவில் திரவுன் என்ற ஊரிலும், 1970களிலிருந்து அமெரிக்காவில் கனெக்ரிகட் மாநிலத்து ஓரேஞ்ச் என்ற ஊரிலும் இருக்கின்றன. ஆனால் பிளாஸ்ரிக் டிஸ்பென்சர் வார்க்கும் வேலை ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒஸ்ரியா, யூகோஸ்லாவியா, ஹொங்கொங், ஹங்கேரி, பிறகு ஸ்லோவேனியா, செக் குடியரசு, சீனா என்று அது சுற்றியிருக்கிறது. கனடாவிலோ லண்டனிலோ கடையில் வாங்கிய டிஸ்பென்சர் இந்த நாடுகளில் ஏதோ ஒன்றிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

தேவையானவை

பெரிய சாமான் ஒன்றும் வேண்டாம். போன் டோர்ச், ஒரு பூதக்கண்ணாடி, மென்மையான பல் தூரிகை, மெல்லிய வெள்ளைக் கடுதாசி, ஒரு பென்சில். பூதக்கண்ணாடி வாங்குவதானால் நகை பார்க்கிறவர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அந்தச் சின்ன வகை நல்லது. யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதிப் பக்கம் நகைவேலைச் சாமான் விற்கும் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். அது கிடைக்காவிட்டாலும் போன் கமராவில் கிட்ட வைத்துப் படம் எடுத்து, திரையில் பெருப்பித்துப் பார்த்தால் காரியம் நடக்கும்.

படி 1: துடைத்து, வெளிச்சத்தைச் சரிவாக அடியுங்கள்

எங்கள் ஊர்த் தூசியும் கடற்காற்று ஈரமும் சேர்ந்து பிளாஸ்ரிக்கில் ஒரு பிசுக்குப் படலமாகிவிடும், எழுத்துப் பள்ளங்களில் அது இறுகி நிற்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு துளி சவர்க்காரம் போட்டு, தூரிகையை நனைத்து உதறிவிட்டு, தண்டை மட்டும் மெதுவாகத் தேயுங்கள். முழுவதையும் தண்ணீரில் அமிழ்த்த வேண்டாம், உள்ளே உலோகச் சுருள் இருந்தால் துருப்பிடிக்கும். நகப்பூச்சு அழிக்கிற திரவம், தின்னர், பற்பசை, தேங்காய்த் தும்பு இவை எதுவும் கிட்டவே வரக்கூடாது. திரவம் பிளாஸ்ரிக்கை உருக்கும், பற்பசையும் தும்பும் எழுத்தைத் தேய்த்துவிடும். எழுத்துப் போனால் அந்த டிஸ்பென்சர் எங்கே பிறந்தது என்பதற்கு வேறு அத்தாட்சி இல்லை.

நேராக மேலிருந்து டோர்ச் அடித்தால் எழுத்துத் தெரியாது. தண்டை மேசையில் படுக்க வைத்து, டோர்ச்சையும் மேசையோடு ஒட்டப் பிடித்து, பக்கத்திலிருந்து வெளிச்சத்தை விடுங்கள். மேடான எழுத்துக்கு நிழல் விழும், அப்போது வாசிக்கலாம். வெள்ளை, மஞ்சள் நிறத் தண்டுகளில் இதுவும் போதாமல் போகலாம். அந்த நேரம் மெல்லிய கடுதாசியைத் தண்டின்மேல் இறுக்கிப் பிடித்து, பென்சிலைச் சரித்து லேசாக உரசுங்கள், சின்ன வயதில் சில்லறைக் காசைக் கடுதாசிக்கு அடியில் வைத்து உரசினோமே அப்படித்தான். எழுத்து கடுதாசியில் ஏறிவிடும், அதுவே பதிவாகவும் இருக்கும்.

படி 2: பாகங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

தலை, தண்டு, உள்ளுறை என்று மூன்று. தண்டு என்பது நீங்கள் கையில் பிடிக்கிற நீளப் பெட்டி. உள்ளுறை அதற்குள் ஏறி இறங்கும், இனிப்பை அடுக்குவது அதில்தான், ஒரு பக்கற்றில் உள்ள பன்னிரண்டு இனிப்பும் அதற்குள் போகும். தலையைப் பிடித்து மேல்பக்கம் இழுத்தால் உள்ளுறை வெளியே வரும். அதற்கு மேல் ஒன்றையும் கழற்ற வேண்டாம். தலையைப் பிடுங்கிப் பார்க்க வேண்டிய தேவை நாடு கண்டுபிடிப்பதில் எந்த இடத்திலும் வராது, பிடுங்கினால் தலை பிடித்திருக்கும் முனை உடைந்துபோகும் ஆபத்துத்தான் இருக்கிறது.

தண்டின் பக்கவாட்டில் பெஸ் என்ற பெயர் பெரிதாக அச்சில் எழும்பி நிற்கும். அது இல்லையென்றால் கையில் இருப்பது வேறு கொம்பனியின் சாமான், இதே முறையில் இயங்கும் பல தினுசு டிஸ்பென்சர்கள் சந்தையில் உண்டு. அவற்றுக்குக் கீழே சொல்வது பொருந்தாது.

படி 3: நாட்டின் பெயர்

பெஸ் என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள சின்ன ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். தண்டின் இரு பக்கங்களையும் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். சிலவற்றில் "மேட் இன்" என்று தொடங்கி நாட்டின் பெயர் வரும், சிலவற்றில் நாட்டின் பெயர் மட்டும். ஒஸ்ரியா, யூகோஸ்லாவியா, ஹொங்கொங், ஹங்கேரி, ஸ்லோவேனியா, செக் குடியரசு, சீனா, அமெரிக்கா, இவைதான் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியவை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒஸ்ரியாவின் ஆங்கிலப் பெயரை அவசரத்தில் அவுஸ்திரேலியா என்று வாசிப்பது மிக எளிது, அதுவும் எழுத்து அரைகுறையாகத் தேய்ந்திருந்து, மெல்பேர்ணில் ஒரு சித்தியும் இருந்துவிட்டால் கண் அப்படித்தான் வாசிக்கும். எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ஒஸ்ரியாவுக்கு ஏழு எழுத்து, அவுஸ்திரேலியாவுக்கு ஒன்பது. பழைய தண்டுகளில் இந்தப் பெயர்தான் அடிக்கடி வரும் என்பதால் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

பெயர் தெளிவாகக் கிடைத்துவிட்டால் தண்டைப் பொறுத்தவரை உங்கள் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. இனி வருவதெல்லாம் அந்தப் பதிலைச் சரிபார்க்கவும், பெயர் தேய்ந்துபோன தண்டுகளுக்கு வழி தேடவும்.

படி 4: அச்சு இலக்கம்

சேகரிப்பவர்கள் மிகவும் நம்புகிற அடையாளம் இது, வெளியாட்கள் கவனிக்காமலே விடுவதும் இதைத்தான். தண்டின் மேல் மூலையில், தலைக்குக் கிட்ட, தனியாக ஒரேயொரு இலக்கம் இருக்கும். பிளாஸ்ரிக்கை ஊற்றி வார்க்கும் அச்சுக்குரிய அடையாளம் அது. சேகரிப்பவர்கள் நெடுங்காலமாகப் பாவித்து வரும் பொருத்தம் இப்படி:

1 என்றால் ஒஸ்ரியா அல்லது ஹங்கேரி.
2 என்றால் ஒஸ்ரியா அல்லது ஹொங்கொங்.
3 என்றாலும் ஒஸ்ரியா அல்லது ஹங்கேரி.
4 ஒஸ்ரியா மட்டும்.
5 யூகோஸ்லாவியா, அதன்பிறகு ஸ்லோவேனியா.
6 ஹொங்கொங், அதன்பிறகு சீனா.
7 ஹொங்கொங், ஒஸ்ரியா, செக் குடியரசு மூன்றில் ஒன்று.
8 ஒஸ்ரியா மட்டும்.
9 அமெரிக்கா.
இலக்கத்துக்குப் பதிலாக ஆங்கில வீ என்ற எழுத்து இருந்தால் யூகோஸ்லாவியா.

ஒரே இலக்கத்துக்கு இரண்டு மூன்று நாடு வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இலக்கமும் நாட்டின் பெயரும் சோடியாக வேலை செய்கின்றன. 3 என்ற இலக்கமும், பாதி தேய்ந்த பெயரில் முதல் எழுத்தாக ஆங்கில எச்சும் தெரிந்தால் அது ஹங்கேரி, ஏனென்றால் 3இல் எச் எழுத்தில் தொடங்குகிற வேறு நாடு இல்லை. அதே எச் எழுத்து 2 என்ற இலக்கத்தோடு வந்தால் ஹொங்கொங். பெயர் முழுவதும் அழிந்து 4 அல்லது 8 மட்டும் மிஞ்சியிருந்தாலும் ஒஸ்ரியா என்று எழுதலாம். 7 மட்டும் மிஞ்சினால்தான் சிக்கல், அதற்கு அடுத்த படிகள் உதவும்.

6ஐயும் 9ஐயும் மாற்றி வாசித்தால் ஹொங்கொங் தண்டு அமெரிக்கத் தண்டாகிவிடும். தலைகீழாகப் பிடித்திருக்கிறோமா என்பதைத் தீர்மானிக்க, அதே பக்கத்தில் உள்ள மற்ற எழுத்துகள் எந்தத் திசையில் நிற்கின்றன என்று பாருங்கள், அப்படியும் சந்தேகம் என்றால் நாட்டின் பெயரைத் தேடிப் போங்கள். தேய்ந்த 8 சில வெளிச்சத்தில் 6 போலவும், மெலிந்த 7 ஒன்று போலவும் தெரியும். பென்சில் உரசல் எடுத்தால் இந்தச் சந்தேகங்களில் பெரும்பாலானவை தீரும்.

அச்சு இலக்கமே இல்லாத தண்டுகளும் உண்டு, முக்கியமாகப் பழையவை. இல்லாததைக் குறையாக நினைக்க வேண்டாம், இல்லை என்பதையும் குறித்து வையுங்கள்.

படி 5: காப்புரிமை இலக்கம்

தண்டில் நாட்டின் பெயருக்குக் கிட்ட ஏழு இலக்கம் கொண்ட ஒரு நீளமான எண் இருக்கும். பலர் இதை மொடல் நம்பர் என்றோ தொடரிலக்கம் என்றோ நினைக்கிறார்கள். இது அமெரிக்கக் காப்புரிமை இலக்கம். ஒஸ்ரியாவில் செய்த தண்டிலும் யூகோஸ்லாவியாவில் செய்த தண்டிலும் ஹொங்கொங்கில் செய்த தண்டிலும் இதே அமெரிக்க எண்தான் வரும், ஆகவே நாடு கண்டுபிடிப்பதற்கு இது நேரடியாக உதவாது. உதவுவது காலத்துக்கு.

2,620,061 என்ற எண் வழங்கப்பட்டது 1952 டிசம்பரில். 3,410,455 வந்தது 1968 நவம்பரில். 3,845,882 வந்தது 1974 நவம்பரில். 3,942,683 வந்தது 1976 மார்ச்சில். 4,966,305 வந்தது 1990 ஒக்ரோபரில். இதை ஒரு துண்டில் எழுதிச் சோகேஸ் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்தால் போதும்.

வாசிக்கும் முறைதான் முக்கியம். எண் சொல்வது இந்தத் தண்டு இதற்கு முன்னர் செய்யப்பட்டிருக்காது என்பதை மட்டும். 3,942,683 என்றிருந்தால் 1976இல் செய்தது என்று அர்த்தமில்லை, அந்த எண் அதற்குப் பிறகும் பல வருடம் தண்டுகளில் வந்துகொண்டே இருந்தது. இணையத்தில் விற்கிறவர்கள் சிலர் காப்புரிமை வருடத்தையே தயாரிப்பு வருடமாகப் போட்டு விலை சொல்கிறார்கள். அதை நம்பிக் காசு அனுப்பாதீர்கள்.

சில பழைய தண்டுகளில் டீ, பீ, பீ (DBP) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு ஒரு எண் இருக்கும். அது ஜேர்மனியக் காப்புரிமையைக் குறிப்பது. அமெரிக்க எண்ணுக்குச் சொன்னதுதான் இதற்கும், ஜேர்மனியில் உரிமை பதிந்திருக்கிறார்கள் என்பது மட்டுமே தெரிகிறது.

படி 6: பாதம் இருக்கிறதா?

தண்டின் அடியைப் பாருங்கள். நேராக வெட்டியது போல முடிந்தால் பாதம் இல்லாதது. முன்பக்கம் இரண்டு சின்னப் பாதங்கள் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றால் பாதம் உள்ளது, மேசையில் நிறுத்தினால் விழாமல் நிற்பதற்காக வைத்தது. பாதம் வந்தது 1987 அளவில், முதலில் மெல்லிய பாதம், பிறகு தடித்தது. காலம் கணிக்க இதைவிட விரைவான வழி இல்லை.

பாதம் இல்லாதவை பழையவை என்பதால் விலை கூட. அந்த விலைக்காகப் பாதத்தை அறுத்து, அரம் போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். அடிப்பக்க விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். அச்சில் வார்த்த விளிம்பு வழுவழுப்பாக, மற்ற விளிம்புகளைப் போலவே இருக்கும். அறுத்ததில் கீறல்களோ மங்கலான தட்டையான பரப்போ தெரியும், தண்டின் உயரமும் கொஞ்சம் ஒத்துவராது. இதோடு காப்புரிமை எண்ணையும் பாருங்கள், பாதமில்லாத தண்டில் 1990இன் 4,966,305 இருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

படி 7: இல்லாமல் போன நாடுகள் தரும் காலம்

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இது. முத்திரை சேர்த்தவர்களுக்கு இந்த யோசனை ஏற்கனவே தெரியும்: சிலோன் என்று அச்சிட்ட முத்திரை கிடைத்தால் அது 1972க்கு முந்தையது என்று பெயரை வைத்தே சொல்லிவிடுவோம், ஏனென்றால் அந்த வருடம் மே மாதம் நாட்டின் பெயர் மாறியது. பெஸ் தண்டிலும் அப்படித்தான். ஸ்லோவேனியா யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து சுதந்திரம் அறிவித்தது 1991 ஜூனில். செக் குடியரசு தனி நாடானது 1993 ஜனவரி முதலாம் திகதி. ஹொங்கொங் சீனாவிடம் கையளிக்கப்பட்டது 1997 ஜூலை முதலாம் திகதி.

ஆகவே ஸ்லோவேனியா என்ற பெயர் உள்ள தண்டு 1991க்கு முன்னர் செய்யப்பட்டிருக்க வழியில்லை, செக் குடியரசு என்ற பெயர் உள்ளது 1993க்கு முன்னர் செய்யப்பட்டிருக்க வழியில்லை. இந்தப் பக்கம் உறுதி. மற்றப் பக்கம் அவ்வளவு உறுதியில்லை: யூகோஸ்லாவியா என்றிருப்பதால் 1991க்கு முந்தியதாகத்தான் இருக்க வேண்டும் என்று கடுமையாக நிற்காதீர்கள். எழுத்து வெட்டப்பட்ட உருக்கு அச்சை நாடு உடைந்த அன்றே மாற்றியாக வேண்டும் என்று இல்லை, களஞ்சியத்தில் கிடந்த தண்டுகளும் பிறகு வெளியே போயிருக்கலாம். புதிய பெயரை எல்லையாக எடுங்கள், பழைய பெயரைக் குறிப்பாக எடுங்கள்.

படி 8: தலையைப் பார்த்து என்ன சொல்லலாம்

நாட்டைப் பற்றி அதிகம் இல்லை. தலையின் பின்பக்கம் அல்லது கழுத்தடியில் பதிப்புரிமை அடையாளமும் ஒரு கொம்பனிப் பெயரும் இருக்கும். அது அந்தப் பாத்திரத்தின் உரிமையாளர், டிஸ்பென்சரைச் செய்தவர் இல்லை. டிஸ்னி பாத்திரம் என்றால் சின்ன உதவி உண்டு: 1986இல் வோல்ற் டிஸ்னி புரொடக்ஷன்ஸ் என்ற பெயர் வோல்ற் டிஸ்னி கொம்பனி என்று மாறியது, எனவே பழைய பெயர் இருக்கும் தலை பழைய அச்சில் வார்த்தது என்று எடுக்கலாம். பதிப்புரிமை அடையாளத்துக்குப் பக்கத்தில் உள்ள வருடமும் பாத்திரத்தின் உரிமைக்குரியதாக இருக்கலாம், தயாரிப்பு வருடமாக எடுத்துவிடாதீர்கள்.

தலையையும் தண்டையும் தனித்தனி அச்சில்தான் வார்க்கிறார்கள். இதுவரை கண்டுபிடித்த நாடு தண்டுக்குரியது. ஒரு தண்டிலிருந்து தலையை எடுத்து இன்னொன்றில் பொருத்துவது பெரிய வேலையும் இல்லை, பிள்ளைகள் விளையாட்டுக்கே அதைச் செய்வார்கள். ஒரு வீட்டில் மூன்று நான்கு டிஸ்பென்சர் இருந்து, பேரப்பிள்ளைகளும் இருந்தால், தலை மாறியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொண்டே பாருங்கள். தலை வெயில் பட்டு மங்கியிருக்க, அதே சோகேஸில் நின்ற தண்டு புதுசு போல மினுங்கினால், அல்லது தலை வழமைக்கு மாறாக ஆடினால், இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை இல்லாமல் இருக்கலாம். பதிவில் "தண்டு ஹங்கேரி" என்று எழுதுங்கள், "டிஸ்பென்சர் ஹங்கேரி" என்று எழுதாதீர்கள்.

படி 9: பக்கற், அட்டை, பார்கோட்

இன்னும் பிரிக்காத டிஸ்பென்சர் கையில் கிடைத்தால் பக்கற்றைக் கிழிப்பதற்கு முன் அதன் எல்லா எழுத்தையும் படம் எடுங்கள். புதிய பக்கற்றுகளில் டிஸ்பென்சர் ஒரு நாட்டிலும் இனிப்பு இன்னொரு நாட்டிலும் செய்யப்பட்டது என்று தனித்தனி வரியில் இருப்பதைக் காணலாம். டிஸ்பென்சர் சீனா, இனிப்பு அமெரிக்கா என்பது அமெரிக்காவிலிருந்து வருபவற்றில் வழமையானது. ஓரேஞ்ச் தொழிற்சாலையில் இனிப்பு செய்கிறார்கள் என்பதும் அமெரிக்கச் சந்தைக்கான டிஸ்பென்சர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகின்றன என்பதும் தெரிந்தால் இதில் குழப்பம் இல்லை. தனியாக இனிப்புப் பக்கற் மட்டும் மிஞ்சியிருந்தால் அதன் நாட்டை இனிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்கோட் விசயத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள், ஏனென்றால் இலங்கைப் பொருட்களில் 479 என்று தொடங்கும் என்பது இங்கே நிறையப் பேருக்குத் தெரியும், அதே கணக்கை எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். 90 அல்லது 91 என்று தொடங்கினால் ஒஸ்ரியா, 599 ஹங்கேரி, 690 முதல் 699 வரை சீனா, 489 ஹொங்கொங், 383 ஸ்லோவேனியா, 859 செக் குடியரசு, 76 சுவிஸ், 400 முதல் 440 வரை ஜேர்மனி. எண்கள் சரிதான். ஆனால் அந்த எண் சொல்வது பார்கோட்டைப் பதிவு செய்த கொம்பனி எந்த நாட்டு அமைப்பில் பதிந்தது என்பதை. ஒஸ்ரியக் கொம்பனி சீனாவில் செய்வித்த டிஸ்பென்சரிலும் 90 என்றே வரலாம். சுவிஸிலிருந்து வந்த டிஸ்பென்சரின் பக்கற்றில் ஒஸ்ரிய எண்ணும் தண்டில் சீனாவின் பெயரும் இருந்தால் அதில் முரண்பாடே இல்லை. கொம்பனி ஒஸ்ரியா, விற்றது சுவிஸ், செய்தது சீனா.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது

மூன்று உதாரணம் போட்டால் விளங்கும்.

பாதம் இல்லை, எண் 3,942,683, மேல் மூலையில் 5, நாட்டின் பெயர் தேய்ந்து கடைசி எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. எண் 1976க்கு முன்னர் இல்லை என்கிறது, பாதம் இல்லாதது 1987க்குப் பிறகு இருக்க வாய்ப்புக் குறைவு என்கிறது. 5 என்றால் யூகோஸ்லாவியா அல்லது ஸ்லோவேனியா, ஆனால் ஸ்லோவேனியா என்ற பெயர் 1991க்குப் பிறகுதான் வர முடியும். ஆகவே யூகோஸ்லாவியா, 1976க்கும் 1987க்கும் இடையில். தேய்ந்த பெயரை வாசிக்காமலே பதில் கிடைத்துவிட்டது. இந்த இரண்டு நாட்டின் பெயரும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி முடிகின்றன என்பதால், வாசிக்க முயன்றிருந்தால்தான் குழம்பியிருப்போம்.

அடுத்தது, தடித்த பாதம், எண் 4,966,305, மேல் மூலையில் 7, பெயர் சுத்தமாக இல்லை. 1990க்குப் பிந்தியது என்பது உறுதி. 7 என்றால் ஹொங்கொங், ஒஸ்ரியா, செக் குடியரசு மூன்றும் இன்னும் சாத்தியம். பக்கற் இருந்தால் அதில் டிஸ்பென்சருக்கான வரியைத் தேடலாம், இல்லையென்றால் இதே பாத்திரம், இதே நிறத் தண்டு, 7 என்ற இலக்கம் மூன்றும் உள்ள வேறொரு டிஸ்பென்சரில் என்ன பெயர் இருக்கிறது என்று மற்றச் சேகரிப்பவர்களிடம் படம் கேட்டு ஒப்பிடலாம். அதுவும் கிடைக்காவிட்டால் மூன்று பெயரையும் எழுதி விடுங்கள். ஒன்றைத் தெரிந்தெடுத்து எழுதினால் பின்னால் பார்ப்பவருக்கு அது ஊகம் என்பது தெரியாது.

மூன்றாவது, தலையில்லாத லைற்றர் வடிவம், வீட்டார் ஐம்பதுகளில் வந்தது என்று சொல்கிறார்கள். இதில் வீட்டுக் கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பழைய வடிவத்தைக் கொம்பனி பின்னாளில் திரும்பவும் செய்திருக்கிறது. 1952இன் எண்ணோ ஜேர்மனியக் காப்புரிமை எழுத்துகளோ இருந்து, பின்னைய எண்கள் எதுவும் இல்லாமல் இருந்தால் கதைக்கு வலு உண்டு. 3,942,683 அல்லது அதற்குப் பிந்திய எண் இருந்தால் அது மறுபடி செய்தது, எவ்வளவு பழைய அலுமாரியிலிருந்து எடுத்திருந்தாலும்.

அடையாளங்கள் ஒன்றோடொன்று மோதினால் தண்டில் உள்ள நாட்டின் பெயர் முதலாவது, அச்சு இலக்கம் இரண்டாவது, பக்கற்றில் டிஸ்பென்சருக்கென்று எழுதிய வரி மூன்றாவது என்ற வரிசையில் நம்புங்கள். பார்கோட்டும் கொண்டுவந்தவர் சொன்னதும் கடைசி. ஆனால் யார், எந்த நாட்டிலிருந்து, எந்த வருடம் கொண்டுவந்தார் என்பதைக் கேட்டு எழுதாமல் விடாதீர்கள். ஊர்த் திருவிழாவுக்கு வரும் பெரியப்பாவிடமோ மாமியிடமோ இப்போதே கேளுங்கள். செய்த நாட்டை அது சொல்லாவிட்டாலும் அந்த வருடத்துக்கு முன்னர் இந்தத் தண்டு இருந்தது என்பதை அது சொல்கிறது, காப்புரிமை எண் தராத மேல் எல்லை அப்படித்தான் கிடைக்கும்.

பதிவும் பாதுகாப்பும்

ஒவ்வொரு டிஸ்பென்சருக்கும் ஐந்து படம் எடுங்கள்: முன்பக்கம், தண்டின் இரு பக்கங்கள் சரிவான வெளிச்சத்தில், மேல் மூலை இலக்கம் மிகக் கிட்டத்தில், அடிப்பாகம். ஒரு கொப்பியில் தண்டு நாடு, அச்சு இலக்கம், காப்புரிமை எண், பாதம், தலையில் உள்ள எழுத்து, கொண்டுவந்தவர் என்று எழுதுங்கள். வாசித்ததையும் ஊகித்ததையும் வேறு வேறு நிறப் பேனையால் எழுதினால் பிறகு திருத்துவது சுகம். டிஸ்பென்சரில் நேரே ஸ்ரிக்கர் ஒட்ட வேண்டாம், எங்கள் வெக்கைக்குப் பசை உருகி எழுத்துக்குள் இறங்கிவிடும். நூலில் கட்டிய சின்ன அட்டை போதும். உள்ளே இனிப்பு மிஞ்சியிருந்தால் எடுத்துவிடுங்கள், மழைக்காலத்தில் அது இளகி உள்ளுறையைப் பிடித்துக்கொள்ளும், எறும்பும் வரும். சோகேஸ் யன்னலுக்கு நேரே இருந்தால் இடம் மாற்றுங்கள். வெயில் முதலில் தலையின் நிறத்தைத்தான் எடுக்கும், பிறகு தலை மாறிய டிஸ்பென்சரா வெயிலில் மங்கிய டிஸ்பென்சரா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாமல் போகும்.